இரண்டு திருகாணி

எட்டு மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்த விக்னேஷ்குமாரின் வண்டி, ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குட்டியானை வேனில் ஏறி வீட்டுக்கு வந்தது. நானும் அவன் அப்பன் நாச்சிமுத்துவும்தான் போய் எடுத்து வந்தோம். சக்கரக் கம்பிகளுக்குள் ஏதோ கொடி படர்ந்து காய்ந்திருந்தது. சீட்டு முழுக்கக் காக்கை எச்சம். இடது பக்கம் மட்டும் தார் ரோட்டில் உரசி வண்ணம் போயிருந்தது. மற்றபடி வண்டி முழுசாக இருந்தது. ஆளைக் கொண்டுபோய்விட்டு வண்டி முழுசாக இருப்பதைப் பார்க்கவே முடியவில்லை.

வேப்பமரத்தடியில் இறக்கி நிறுத்தினோம். அவன் அம்மா ராமுத்தாய் வாசல்படியில் உட்கார்ந்து சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சுங்குடிச் சேலையில் புள்ளி விழ வேண்டுமானால், புள்ளிக்கு ஒரு முடிச்சாகத் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். அப்புறம்தான் சாயத்தில் முக்குவது. நூல் இறுகின இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வரும். அவள் தலையைத் தூக்கவில்லை. விரல் மட்டும் நின்றது. செத்த நேரம் கழித்து மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"கழுவட்டுமாப்பா?" என்று மகள் சௌந்தர்யா சொம்பும் வாளியுமாக வந்தாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. இருக்கிறபடி இருக்கட்டும். நாளைக்கு ஒங்க மாமன் முன்னால இந்த வண்டி பேசும்" என்றான் நாச்சிமுத்து.

நானும் அவனும் சின்னாளபட்டியில் ஒரே சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருசமாக வேலை பார்க்கிறோம். அவனுக்குச் சாயத் தொட்டி. எனக்கு அலசுவதும் காயப்போடுவதும். இரண்டு பேர் நகக்கண்ணிலும் ஊதா போகாது. அவன் வீட்டுக்கு அடுத்த வீடு எனக்கு. அதனால் எல்லாவற்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவன்.

போன கார்த்திகையில், விளக்கு வைக்கிற நேரம். மழை தூறி விட்டிருந்தது. பட்டறையிலிருந்து சேலைக் கட்டை ஏற்றிக்கொண்டு விக்னேஷ் கிளம்பினான். ஊரைத் தாண்டி இரண்டு மைல் போயிருப்பான். தோட்டத்து மண்பாதையிலிருந்து ஒரு டிராக்டர் தார் ரோட்டுக்கு ஏறியது. அவன் பிரேக்கை அழுத்தினான். வண்டி சரிந்து இழுத்துக்கொண்டே போய் ரோட்டோரம் நின்றுவிட்டது. அவன் டிராக்டர் சக்கரத்தில் போய் அடிபட்டான். இருபத்துமூன்று வயசு.

டிராக்டர் ஓட்டி வந்தவர் தண்டாயுதபாணி. ராமுத்தாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன். மருமகனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவரேதான். வேட்டி பூராவும் ரத்தத்தோடு அங்கே நின்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இரண்டு வீட்டையும் பிரித்தது.

"வண்டியில லைட்டு எரியல மாப்ள. லைட்டப் பாத்திருந்தா நான் ஏறியிருப்பனா?"

நாச்சிமுத்து அந்த வார்த்தையை விடவே இல்லை. பட்டறையில் தொட்டியைக் கிண்டிக்கொண்டே சொல்லுவான். "கேளுங்கண்ணே. இப்ப வார வண்டியில லைட்ட அணைக்கச் சுச்சே கெடையாது. இஞ்சின் ஓடுனா லைட்டு தானா எரியும். பட்டப்பகல்ல போனாலும் எதுத்தாப்புல வாறவன் பூராம் கைய விரிச்சு விரிச்சு மூடி, லைட்டு எரியுது லைட்டு எரியுதுன்னு சாடை காட்டுவான். அம்புட்டு எரியிற வண்டியில அன்னைக்கு மட்டும் எரியலையாம். செத்தவன் வந்து கேக்க மாட்டான்னுதான அவன் தலையிலயே போட்டாரு?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தண்டாயுதபாணியைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். ராமுத்தாய் உள்ளே இருந்தாள். புருசனையும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனையும் ஒன்றும் சொல்லவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடத்திவிட வேண்டும் என்று சௌந்தர்யாவுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை ஈஸ்வர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகளுக்குக் காய்கறி ஏற்றி அனுப்புகிறவன். அப்போதுதான் ராமுத்தாய் வாயைத் திறந்தாள்.

"எங்கண்ணன் மாலை எடுத்துக் குடுக்காம எம்மக மணையில ஒக்கார மாட்டா."

"எம்மவன் மேல பொய் சொன்னவரு கையால எம்மகளுக்கு மாலையா?"

"பொய்யோ நெசமோ, தாய்மாமன் இல்லாத கல்யாணம் என் வீட்டுல நடக்காது. நீங்க வேணா தாலிய வச்சுக்கிட்டு நில்லுங்க."

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் நாச்சிமுத்து ஒரு வழி சொன்னான். வண்டியை மெக்கானிக் கடையில் வைத்து எல்லார் முன்னாலும் கிளப்ப வேண்டும். லைட்டு எரிந்தால் தண்டாயுதபாணி தான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டு மாலையைத் தூக்கலாம்.

"எரியலைன்னா?" என்று கேட்டேன்.

"எரியும்ணே" என்றான்.

தூது போனவன் நான். தண்டாயுதபாணி தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த காயில் புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரேன். பாத்தத பாத்தேன்னுதான சொன்னேன். வேற என்னத்தச் சொன்னேன்?"

பரணியின் கடை பெரிய ரோட்டில் சின்னாளபட்டி திருப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சனிக்கிழமை காலை. ஆடிக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணிலெல்லாம் மண். பரணிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். இரண்டு வீட்டுக்கும் உறவில்லை. அதனால்தான் அவன் கடை.

"நான் யாருக்கும் சாதகமாப் பேச மாட்டேன். ஒயரு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்லுவேன். அப்புறம் என்னையக் கோவிச்சுக்கிறக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"ஒயரு சொன்னா போதும்" என்றான் நாச்சிமுத்து. மச்சான் நிற்கிற பக்கமே அவன் திரும்பவில்லை. அவர் ரோட்டோரம் புளியமரத்தடியில், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றார்.

பரணி பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினான். பேட்டரி செத்துப் போயிருந்தது. கடையில் இருந்த வேறொரு பேட்டரியை மாட்டினான். காற்று அடித்தான், செயினுக்கு எண்ணெய் விட்டான். உதைத்தான். ஏழாவதோ எட்டாவதோ உதையில் இஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அந்தச் சத்தம் கிளம்பும். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தான். லைட்டு எரியவில்லை.

புளியமரத்தடியில் தண்டாயுதபாணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"எட்டு மாசம் மழையில கெடந்த வண்டி" என்றான் நாச்சிமுத்து. குரல் ஏறியது. "தண்ணி எறங்கியிருக்கும். அத வச்சுச் சொல்ல முடியாது."

"இருங்க, யாரு இப்பச் சொன்னா?" என்று பரணி பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த சின்ன ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தான். உள்ளே கம்பி அறுந்து கறுத்திருந்தது. "லைட்டுக்கு உண்டான ஃபியூஸ் போயிருக்கு. இஞ்சினுக்கு வேற லைன், அது ஓடும். இது மட்டும் போயிருக்கு."

தண்டாயுதபாணி முதல் தடவையாகக் கிட்டே வந்தார். "எப்பப் போச்சுன்னு சொல்ல முடியுமா தம்பி?"

"ஃபியூஸ்ல தேதி போட்டு வரலைண்ணே" என்றான் பரணி.

புது ஃபியூஸைச் சொருகினான். உதைத்தான். லைட்டு எரிந்தது.

பகல் வெளிச்சத்தில் அது பெரிசாகத் தெரியவில்லை. நாச்சிமுத்து விளக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினான். சாயம் ஏறின அந்தக் கையில் மஞ்சள் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா மச்சான்" என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசினான். "எரியுதுல்ல?"

"எரியுது."

"அன்னைக்கும் இப்பிடித்தான் எரிஞ்சிருக்கும்."

தண்டாயுதபாணி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். "எங் கண்ணுக்குத் தெரியல மாப்ள. ஆனா எரியுது. எரியிறத எரியலைன்னு எப்பிடிச் சொல்லுவேன்? வயசாச்சு. கண்ணுதான்..."

முடிந்தது என்று நினைத்தேன். டீ சொல்லலாமா என்று பரணியைப் பார்த்தேன். அவன் வண்டியை நிழலுக்குத் தள்ளப் போனான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்துத் திருப்பினான். லைட்டு அணைந்தது.

பரணி ஹேண்டிலை நேராக்கினான். லைட்டு திரும்ப வரவில்லை. மூடியைக் கழற்றி ஃபியூஸைப் பிடுங்கினான். புதுசு. அதுவும் கறுத்திருந்தது.

"ஒண்ணு போனா பழசுன்னு சொல்லலாம். ரெண்டாவதும் போனா எங்கயோ ஷாட் ஆகுது" என்றான். மூன்றாவது ஒன்றைப் போட்டான். இந்தத் தடவை மெதுவாகத் திருப்பினான். நேராக இருந்தால் எரிந்தது. இடது பக்கம் திருப்பினாலும் எரிந்தது. வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத் திருப்பினான். உள்ளே ஏதோ உருண்டது மாதிரி ஒரு சின்னச் சத்தம். அணைந்தது.

"ஒயரு வழியில இல்ல. லைட்டுக் கூட்டுக்குள்ள ஏதோ கெடந்து உருளுது. வலப்பக்கம் சாஞ்சா போய் இடிக்குது."

தண்டாயுதபாணி மிகவும் மெதுவாகச் சொன்னார். "எங்க தோட்டத்துக்கு முன்னால ரோடு வலப்பக்கந்தான் திரும்புது."

பரணி திருப்புளியை எடுத்து விளக்கின் இரண்டு பக்கத்திலும் இருந்த ஸ்க்ரூவில் வைத்தான்.

அந்த இரண்டு ஸ்க்ரூவைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரைக்கும், சத்தியமாக, என் மனசில் அது இல்லவே இல்லை. "பரணி, இரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முதல் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டான்.

வண்டி வாங்கின புதுசில் ஒரு மத்தியானம். நாச்சிமுத்து பட்டறையில். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். ராமுத்தாய் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்தப் பய கையில கட்டுன கயித்தையும் அத்துப் போடுறான், வண்டியில கட்டுன எலுமிச்சம்பழத்தையும் பிச்சு எறியிறான். கூட்டாளிக சிரிக்கிறானுகளாம். கோயில்ல தகடு எழுதி வாங்கியாந்திருக்கேன். கண்ணுல படாத எடத்துல வைக்கணும். இந்த லைட்டுல ரெண்டு திருகாணிதான இருக்கு, கழட்டிக் குடுங்கண்ணே." காதுத் தோட்டுக்குச் சொல்கிற மாதிரி திருகாணி என்றாள். கழற்றிக் கொடுத்தேன். சுருட்டின செப்புத் தகட்டைச் சுங்குடித் துணியில் பொதிந்து நூல் கட்டியிருந்தாள். கண்ணில் ஒற்றி உள்ளே வைத்தாள். "வெளிச்சம் போற எடமெல்லாம் காவலும் போகும்ல" என்றாள். நான் திரும்ப மாட்டி, இறுக்கிக் கொடுத்தேன்.

பரணி விளக்கை வெளியே இழுத்துக் கூட்டைச் சாய்த்தான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செப்புச் சுருள் அவன் கையில் விழுந்தது. அதைக் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியின் மேல் வைத்தான். சுற்றியிருந்த துணி கருகிப் பொடியாக உதிர்ந்தது. ஒரு மூலை மட்டும் எரியாமல் இருந்தது. சிவப்பில் வெள்ளைப் புள்ளி.

"துணி இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் பரணி. இப்போது அவன் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான். "பல்பு சூட்டுல வெந்து வெந்து துணி போயிருச்சு. செம்பு வெளிய வந்துருச்சு. வலப்பக்கம் உருண்டா கரண்டு வர்ற முனையிலயும் பாடியிலயும் சேர்ந்து தட்டும். உடனே ஃபியூஸ் போயிரும்." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த வளைவு வரைக்கும் லைட்டு எரிஞ்சுதான் வந்திருக்கும். அவனுக்கு என்னன்னு பாக்கக்கூட நேரம் இருந்திருக்காது. யாரு இத உள்ள வச்சது?"

"நான்தான் வச்சேன்" என்றேன்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தான். பிறகு அந்தச் சுருளைக் கையில் எடுத்தான். கருகின துணிக்குக் கீழே நூல் இன்னும் கொஞ்சம் இருந்தது. பட்டறையில் சாயம் காய்ந்த சேலையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வெடுக்கென்று இழுப்போம். முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். தெறிக்கிற விதத்தை வைத்தே இது யார் வீட்டு முடிச்சு என்று அவன் சொல்லிவிடுவான். அந்த நூலை நகத்தால் நெருடிப் பார்த்தான்.

"ரெண்டு சுத்துச் சுத்தி மூணாவத மறிச்சுப் போட்டிருக்கு" என்றான். "இந்த முடிச்ச நீங்க போட்டீங்களாண்ணே?"

நான் பெட்டியின் மேல் உதிர்ந்து கிடந்த கரியைப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த முடிச்ச நான் அவுத்துக்கிட்டிருக்கேன்."

கிரீஸ் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. காற்றில் கூரைத் தகரம் டமார் டமார் என்று அடித்தது. பரணி இஞ்சினை அணைத்தான். எதற்கென்று தெரியாமல் கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

நாச்சிமுத்து சொன்னான். "மச்சான், நீங்க சொன்னது நெசம்." அப்புறம், "அவளுக்கு... அவகிட்ட எப்பிடி..." என்றான்.

தண்டாயுதபாணி அந்தச் செப்புச் சுருளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டு மாதமாகப் பொய்யன் என்று பேர் சுமந்த மனுசன். நிரூபணம் கண் முன்னால் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டார்.

"பரணி, விளக்க மாட்டு. இன்னொரு ஃபியூஸையும் போடு."

"எதுக்குண்ணே?"

"லைட்டு எரியிற வண்டியா வீட்டுக்குப் போகட்டும்."

சுருளை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். பரணி மாட்டிக் கொடுத்தான். தண்டாயுதபாணியே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நானும் நாச்சிமுத்துவும் அவனுடைய பழைய மொபெட்டில் பின்னால் போனோம். உச்சி வெயில். எதிரே வந்தவர்கள் எல்லாம் கையை விரித்து விரித்து மூடிக் காட்டினார்கள். பால்காரர் காட்டினார். பள்ளிக்கூட வேன் டிரைவர் காட்டினார். தலையில் பூக்கூடையோடு நடந்துபோன ஒரு பொம்பிளைகூட "லைட்டு, லைட்டு" என்றாள். தண்டாயுதபாணி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

வண்டிச் சத்தம் கேட்டதும் ராமுத்தாய் எழுந்து நின்றாள். மடியிலிருந்த சேலை மண்ணில் விழுந்தது. அவள் கண் விளக்கில் இருந்தது.

"எரியுது" என்றாள்.

தண்டாயுதபாணி இஞ்சினை அணைக்கவில்லை, ஓட விட்டபடியே காலை ஊன்றினார். "எரியுது தாயி. அன்னைக்கும் எரிஞ்சிச்சு. நான்தான் கவனிக்காம ஏறிட்டேன். பழிக்குப் பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

சௌந்தர்யா உள்ளேயிருந்து ஓடி வந்தவள் அப்படியே நின்றாள். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். ராமுத்தாய் அண்ணனை வெகுநேரம் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"உள்ள வா" என்றாள். "சோறு ஆறுது."

மொச்சை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, தொட்டுக்கொள்ள அவரைக்காய். மூன்று பேருக்கும் வைத்தாள். "வெஞ்சனம் தொடாமச் சாப்பிடுறியே" என்று அண்ணனுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் மட்டும்தான் எட்டு மாதத்தில் இல்லாத ஒரு தெளிச்சியோடு இருந்தாள்.

பிறகு உள் அறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். என் முன்னால் கையை நீட்டினாள். புது மஞ்சள் துணியில் பொதிந்த ஒரு சுருள். அதே நீளம். அதே முடிச்சு.

"மாப்பிள்ளை வண்டிக்குண்ணே. முன்னமே எழுதி வாங்கிட்டேன். குடுக்கத்தான் யோசனையா இருந்துச்சு. லைட்டே எரியலைன்னு சொன்னதும், நான் வச்சதுல என்னமோ கொறன்னு மனசு அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. இப்பத்தான் நிம்மதி. கடைசி வரைக்கும் எரிஞ்சிருக்கு. அது அதோட வேலையச் செஞ்சிருக்கு, விதிதான் முந்திக்கிருச்சு." புருசனைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து வீட்டு அண்ணந்தான் அன்னைக்குக் கழட்டிக் குடுத்தாரு. இதுக்கும் நீங்கதான் செய்யணும்ணே. கைராசி."

தண்டாயுதபாணியின் கை சோற்றிலேயே நின்றது. நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த மகன் படத்தைப் பார்த்தான். நான் எச்சில் கையைத் துடைத்துவிட்டு இடது கையில் வாங்கப் போனேன். "சோத்தாங்கையில வாங்குங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். ரொம்ப லேசாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தண்டாயுதபாணி மாலை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து அவர் பக்கத்திலேயே நின்றான். பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்புகிற நேரம், மல்லிகைச் சரம் சுற்றின ஈஸ்வரின் வண்டிக்குப் பக்கத்தில் ராமுத்தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"வச்சுட்டீங்களாண்ணே?"

"வச்சுட்டேம்மா."

"திருகாணி?"

"ரெண்டும் இறுக்கமா இருக்கு."

சுருள் என் சட்டைப் பையில் இருந்தது. வண்டி கிளம்பியது. பகல் வெயிலில் லைட்டு எரிந்துகொண்டே போனதை அவள் வளைவு வரைக்கும் பார்த்தாள்.